லாங் கேஸ் ஸ்டெல்லாம்மா

"உடம்பு இன்னும் அப்படியேதானே இருக்கு?" என்று நோயாளிகளுக்குப் போன் போட்டு நம்பிக்கையோடு விசாரிக்கும் வேலை வேறு எந்த அலுவலகத்திலும் இருக்காது. "குணமாயிடுச்சு சார்" என்று யாராவது சொன்னால் எங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

அடையாறு பக்கத்தில் ஒரு டிரஸ்ட் மருத்துவமனையில், பொது மருத்துவத் துறையின் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடற்கரைக் குப்பங்களுக்கான பிரசவ கிளினிக்காகத் தொடங்கிய இடம் அது. பிறகு வார்டுகள் வந்தன, கல்லூரி வந்தது. கல்லூரியோடு கமிட்டிகளும் வந்தன. கமிட்டிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அருமையான மருத்துவமனை. என் பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள். எனக்கு பைபாஸ் செய்ததும் அங்கேதான். ஆகவே குறை சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

இறுதியாண்டு மாணவர்களுக்கு 'லாங் கேஸ்' என்று ஒரு தேர்வு. முன்பின் தெரியாத நோயாளியிடம் உட்கார்ந்து விசாரித்து, பரிசோதித்து, நோய் என்னவென்று எக்ஸாமினரிடம் சொல்ல வேண்டும். அதற்கு, இன்னும் குணமாகாத நோயாளிகளாகப் பார்த்து வரவழைப்பது என் பொறுப்பு. எங்கள் நிரந்தர நட்சத்திரம் ஸ்டெல்லாம்மா, ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்பவர். இதய வால்வில் சுருக்கம். பலூன் விட்டு விரித்துவிடலாம், காப்பீட்டுத் திட்டத்தில் செலவும் இல்லை என்று புரொஃபசர் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். "சீசன் முடியட்டும் டாக்டரே" என்பார் ஸ்டெல்லாம்மா. கடலில் எப்போதும் ஏதாவது ஒரு சீசன் இருந்தது.

தேர்வுக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவார். வந்தால் சும்மா இருக்க மாட்டார், பரிசோதிக்கும் மாணவனுக்கே சொல்லிக்கொடுப்பார்.

"இன்னா நைனா, மல்லாக்க போட்டு கேட்டுக்கினு கீறே? இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லு. அப்பதான் சத்தம் வரும்."

திரைக்கு இந்தப் பக்கம் நான் எச்சரிக்கையாக இருமுவேன்.

"இருமலுக்கு மருந்து வாங்கிக்க சார். ஆஸ்பத்திரிலதான கீறே!"

அந்த வருடத் தேர்வில் அவருக்கு வாய்த்த மாணவி நிவேதா. பாதி நேரம்கூட ஆகவில்லை, திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"உள்ள போம்மா, டைம் ஓடுது" என்றேன்.

"சார், அவங்களால படுக்க முடியல. பயங்கரமா மூச்சு வாங்குது. ரெண்டு லங்ஸ்லயும் தண்ணி கோத்திருக்கு. டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்க."

எட்டிப் பார்த்தேன். ஸ்டெல்லாம்மா கட்டில் விளிம்பைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. "ஒண்ணும் இல்ல சார்... காலைலேருந்தே... இப்டிதான் கீது. சொன்னா தொரத்தி வுட்ருவீங்க... புள்ளைங்க எப்டி பாஸாவும்?"

வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் பின்னால் வந்து நின்றார். "கேண்டிடேட் பாதியில வெளிய வந்தா கேஸ் முடிஞ்சதாதான் அர்த்தம், திரும்ப உள்ள போக முடியாது. என்ன சார், ரூல் அதுதானே?"

அதுதான். எனக்கு அது மனப்பாடம்.

"அப்ப முடிஞ்சதாவே இருக்கட்டும் சார்" என்றாள் நிவேதா. "ஆக்சிஜன் எங்க இருக்கு?"

என் கையில் நேரம் முடிந்தால் அடிக்க வேண்டிய மணி இருந்தது. அடித்தேன், விடாமல். தேர்வு வார்டில் அகாலத்தில் மணி அடித்தால் எல்லா டாக்டரும் என்னைத் திட்டுவதற்காகவாவது ஓடி வருவார்கள். வந்தார்கள். வந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆக்சிஜன், நீர் பிரிய ஊசி, ஸ்ட்ரெச்சர். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தள்ளிக்கொண்டு ஓடியவர் அந்த எக்ஸாமினர். தானும் டாக்டர் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது போலிருந்தது.

ஐசியூ கதவு மூடியதும் புரொஃபசர் என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்கு ஏதாவது வழி இருக்கா?"

இருந்தது. நோயாளி கிடைக்காத நிலையில் கேண்டிடேட்டுக்கு மாற்று கேஸ் தரலாம் என்று தேர்வு விதித்தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி உண்டு. ஐசியூவில் இருப்பவரைவிடக் கிடைக்காத நோயாளி யார்? எக்ஸாமினர் படித்துப் பார்த்தார். என்னையும் ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு ஒப்புதல் எழுதினார். நிவேதா கைகழுவிவிட்டு வந்து, முழு நேரத்தோடு புது கேஸில் உட்கார்ந்தாள்.

இப்போது என் பழைய நாற்காலியில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விதிகளை முழுக்கப் படியுங்கள். 'கூடாது' என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கும். 'செய்யலாம்' என்பதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அந்த மருத்துவமனை எனக்குச் சம்பளம் கொடுத்தது முதல் பக்கத்துக்காக. அது என்னை மனிதனாக வைத்திருந்தது பின்பக்கத்தால்.

ஸ்டெல்லாம்மாவுக்கு நிலைமை சீரானதும், வீட்டுக்கு விடாமலே பலூன் விட்டு வால்வை விரித்தார்கள். வார்டில் போய்ப் பார்த்தேன். தலையணையில் தலை வைத்து, மல்லாந்து படுத்திருந்தார்.

"அந்தப் பொண்ணு பாஸா சார்?"

"ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதும்மா."

என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"சரி, சொல்லாத. பல்லையாவது மூடிக்கினு சொல்லாம இரு."