பட்டிப்பூ என் முற்றத்தில்தான் நிற்கும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வங்காலையில் என் வீட்டு முற்றத்துப் பட்டிப்பூச் செடியைப் பிடுங்க மாட்டேன். நித்தியகல்யாணி என்பார்களே, அதுதான்.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. கிளினிக் குளிசைகளை ஒழுங்காக விழுங்குகிறவள் நான். கடந்த தவக்காலத்தில் மச்சாள் வந்து, "உந்த இலையை அவிச்சுக் குடியுங்கோ, சீனி பறந்திடும்" என்றார். குடிக்கத் தொடங்கினேன்.

பெரிய வெள்ளியன்று ஒருசந்தி. காலையில் சாப்பிடக் கூடாது. மருந்து குடித்தால் ஒருசந்தி முறியாது என்பது எங்கள் நினைப்பு. அதனால் வெறும் வயிற்றில் குளிசையையும் போட்டு, இலை அவித்த தண்ணீரையும் குடித்துவிட்டுச் சிலுவைப்பாதைக்குப் போனேன். பாதி வழியில் வியர்த்துக் கொட்டியது. கண் இருட்டி விழுந்துவிட்டேன். பக்தி மிகுதியில் விழுந்தேன் என்று நினைத்து, சுற்றி நின்றவர்கள் செபம் சொன்னார்களாம். மகள்தான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

"சீனி அடியோட இறங்கிட்டுது. உந்தச் செடியிலயிருந்து புற்றுநோய்க்கே மருந்து எடுக்கிறவை. அளவு தெரியாமல் அவிச்சுக் குடிக்கிறதோ?" என்று டாக்டர் ஏசினார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செடியைப் பிடுங்கச் சொன்னார்கள். அதுவா வந்து என் கோப்பைக்குள் விழுந்தது? விடவில்லை.

இப்போது டாக்டரைக் கேட்காமல் ஒருசந்தியும் இல்லை, அவித்த தண்ணீரும் இல்லை. மச்சாள் வந்தால் வாசலிலேயே சொல்லிவிடுவேன்: "பூ வேணுமெண்டால் மாதாவுக்குப் பிடுங்குங்கோ. இலையில கை வச்சியளெண்டால் மச்சாளெண்டும் பாக்க மாட்டன்."