ஏறாவூரில் அழித்த படங்கள்

சனிக்கிழமை, காலை 6.10. கொழும்பிலிருந்து மட்டக்களப்பு பஸ் புறப்பட்டது. கட்டணம் இருநூற்றிருபது ரூபாய். தூரம் முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். என் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் நான் வேலை செய்யும் புகைப்படக் கடையின் டிஜிட்டல் கமரா, ஒரேயொரு மெமரி கார்ட், எட்டுப் பற்றரி, சாப்பாட்டுப் பெட்டியளவான ஒரு பிரிண்டர். பையைத் தலைக்கு மேலே தட்டில் வைக்கவே கூடாது என்று முதலாளி மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். கிழக்குப் பக்கம் அதுவரை போனதில்லை. எங்கள் வீட்டு மேல் அறையில் மூன்று வருடம் தங்கிப் படித்த றஹீமாவின் தங்கை நஸ்ரினுக்கு ஏறாவூரில் கலியாணம். பெண்கள் பக்கத்தைப் படமெடுக்க ஒரு பெண் வேண்டும், அதுவும் டிஜிட்டல் கமராவோடு வேண்டும் என்று றஹீமா எழுதியிருந்தாள். பிலிம் என்றால் அதைக் கழுவும் கடையில் யாரோ ஆண்கள் பார்ப்பார்கள். டிஜிட்டல் என்றால் வீட்டுக்குள்ளேயே எடுத்து, அங்கேயே அச்சடித்து, அங்கேயே அழித்துவிடலாம். அவளுடைய உம்மா இந்த நிபந்தனையின் பேரில்தான் கலியாணத்தில் படமெடுக்கவே சம்மதித்திருந்தார்.

போர்நிறுத்தம் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. பொலன்னறுவையைத் தாண்டியதும் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்காமல் போனது. மூன்று இடங்களில் பஸ்ஸை விட்டிறங்கி, மணல் மூட்டைகளுக்கு நடுவே நடந்து, மறுபடி ஏறினோம். ஒரு சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவர் கமராவைத் திறந்து பிலிமைக் காட்டச் சொன்னார். பிலிம் இல்லை என்றேன். பிலிம் இல்லையென்றால் கமரா எதற்கு என்று கேட்டார். நான் அவரையே ஒரு படமெடுத்துத் திரையில் காட்டினேன். சற்று நேரம் பார்த்தார், பிறகு அதை அழிக்கச் சொன்னார். அழித்தேன். போகச் சொல்லிவிட்டார்.

மாலை 3.40. ஏறாவூர். இறங்கும் போது கண்டக்டர் வழி சொன்னார்: "நேர போய் மறுகா கிறுகுங்க." மறுகா என்பது யாரோ ஒருவருடைய பெயர் என்று நினைத்து, கடைத்தெருவில் இரண்டு பேரிடம் மறுகா வீடு எங்கே என்று விசாரித்தேன். "பிறகு திரும்புங்கள்" என்பதைத்தான் அவர் சொன்னார் என்று றஹீமா வந்து கூட்டிப்போகும் போது விளங்கியது. அன்று முழுவதும் அந்த வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஞாயிறு, பகல் 11. கலியாண வீடு. பெண்கள் கூடியிருந்த அறைக்குப் பச்சை வண்ணம் பூசி, ஒற்றை டியூப் லைட் போட்டிருந்தார்கள். முதல் பத்துப் படங்களில் எல்லோருடைய முகமும் பாசி பிடித்தது போலிருந்தது. எந்த வெளிச்சத்தில் எடுக்கிறோம் என்று கமராவுக்குச் சொல்ல ஒரு தெரிவு உண்டு. அதை டியூப் லைட்டுக்கு மாற்றியதும் முகங்கள் பழையபடி மனித நிறத்துக்கு வந்தன. பிளாஷ் பட்டால் நகைகள் வெறும் வெள்ளைப் புள்ளிகளாயின. டிஷ்யூத் தாளை இரண்டாக மடித்துப் பிளாஷின் மேல் ஒட்டினேன். மாலைக்குள் நூற்றுப் பன்னிரண்டு படங்கள் எடுத்திருந்தேன்.

மாலை 6. கதவைச் சாத்திக்கொண்டு அச்சடிக்கத் தொடங்கினோம். அந்தப் பிரிண்டர் ஒரே தாளை நான்கு முறை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். முதலில் மஞ்சள் நஸ்ரின் வந்தாள். பிறகு சிவப்பு ஏறியது. பிறகு நீலம். கடைசியில்தான் அவள் முழு ஆளானாள். பெண்கள் சுற்றியிருந்து பார்த்தார்கள். தாள்கள் முப்பத்தாறுதான் இருந்ததால் எதை அச்சடிப்பது என்று உம்மாவே முடிவு செய்தார். ஒரு படத்தில் நஸ்ரின் வாய் நிறையத் தொதல் இனிப்புடன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது வேண்டாம், உடனே அழி என்றார். முப்பத்தாறும் அச்சாகி முடிந்ததும் அவர் கண் முன்னால் கார்ட் முழுவதையும் துடைத்து, படம் எதுவும் இல்லை என்று திரை சொல்வதைக் காட்டினேன்.

"இனி ஒருத்தர்ர கண்ணுக்கும் வராதா மகள்?"

"வராது உம்மா" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

திங்கள், காலை 8.30. ஊர் பார்த்துவிட்டு மாலை திரும்புவதாகச் சொல்லி மட்டக்களப்பு நகருக்குப் பஸ் ஏறினேன். பதின்மூன்று கிலோமீற்றர். வலது பக்கம் வாவி இடையிடையே தெரிந்து மறைந்தது. நகரில் எந்தத் தெருவில் நடந்தாலும் அது தண்ணீரில் போய் முடிந்தது. ஒரே வாவியைத்தான் பார்க்கிறேனா, வேறு வேறா என்று கடைசி வரை பிடிபடவில்லை. பாலத்தை நோக்கிக் கமராவைத் தூக்கியதும் எங்கிருந்தோ விசில் ஊதினார்கள். கையை இறக்கிக்கொண்டேன். தோணிகளையும், இடுப்பளவு தண்ணீரில் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவரையும் எடுத்தேன். மொத்தம் ஒன்பது படங்கள்.

காலை 10.30. கனடாவிலிருக்கும் தம்பிக்கு அவற்றை அனுப்பலாம் என்று ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் யோகன், நாற்பது வயது மதிக்கத்தக்க கண்ணாடிக்காரர், கமரா விசயம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் என்கிற ஆள். எத்தனை பிக்சல், எந்த லென்ஸ் என்று கேட்டுக்கொண்டே கார்ட்டை வாங்கிச் செருகினார். நேற்று ஒரு கலியாணம் எடுத்தேன், அந்தப் படங்கள் இப்போது இதில் இல்லை என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடைக்குத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்த போது அவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"பயப்பிடாதீங்க அக்கா. அழிஞ்ச படமெல்லாம் எடுத்துத்தன். சீடியும் அடிச்சாச்சு."

திரையில் நஸ்ரின் இருந்தாள். முக்காடு இல்லாமல், வாய் நிறையத் தொதலுடன், சிரித்துக்கொண்டு. போட்டோக் கொப்பி எடுக்க வந்திருந்த ஒருவர் யோகனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தபடி நின்றார். இன்னொருவர் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய்த் திரையைக் கையால் மறைத்தேன். என்ன நடந்தது என்று அவருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. துடைத்த படம் எப்படி வந்தது? நான் படங்களைத் தவறுதலாக இழந்துவிட்டேன் என்று நினைத்து, உதவி செய்வதாகத்தான் அவர் இதைச் செய்திருந்தார். கொழும்பிலிருந்து யாரோ கொடுத்த ஒரு மென்பொருளாம்.

விசயத்தை அவரிடம் சொன்னேன். உடனே அழிப்பதாகச் சொன்னார். அழித்தால்தான் திரும்பி வருகிறதே என்றேன். அப்போதுதான் விளக்கினார்: "அழிக்கிறதெண்டா பெயரத்தான் அழிக்கும் அக்கா. படம் கிடந்த இடத்திலயே கிடக்கும். அதுக்கு மேல வேற ஒண்டு எழுதினாத்தான் போகும்." ஐந்து வருடமாகக் கமரா பிடிக்கிறேன். ஒருவரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. அவர் தன் கம்ப்யூட்டரிலிருந்த படங்களை அழித்துவிட்டு, இருந்த பாட்டுகளையும் சினிமாக்களையும் பிரதி மேல் பிரதியாக ஏற்றி டிஸ்க்கை நிரப்பத் தொடங்கினார். இரண்டு மணித்தியாலம் பிடித்தது. நான் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. கார்ட்டையும் அப்படியே நிரப்பித் தருவதாகச் சொன்னார். அதை மறுபடி இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கார்ட்டையும் சீடியையும் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

பகல் 1.15. தெருவில் கடைகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். வாழைச்சேனையில் யாரையோ சுட்டுவிட்டார்கள் என்றார் ஒருவர். இல்லை, ஏறாவூரில்தான் என்றார் இன்னொருவர். சுடவில்லை, கடத்தல் என்றார் பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது. பஸ் ஏழு கிலோமீற்றர் ஓடி, தன்னாமுனையில் நின்றுவிட்டது. இனிப் போகாது என்றார்கள்.

பஸ் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு வீட்டுக்காரப் பெண் கதிரை ஒன்றை வெளியே எடுத்துப் போட்டு, தண்ணீர் தந்தார். கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டிருந்தார். முஸ்லிம் ஊரான ஏறாவூருக்குப் போக வேண்டும் என்றதும் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். "இண்டைக்கு அங்கால போகாதீங்க மகள். நாளைக்கு விடிஞ்சாப் போல போகலாம். இஞ்ச படுக்க இடம் இருக்கு" என்றார்.

அங்கேயே தங்கியிருக்கலாம். மறுநாள் கொழும்புக்குப் போய், கார்ட்டை எறிந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இருந்திருக்கலாம். ஆனால் வாய்க்கு வாய் கடந்து மாப்பிள்ளை வீட்டுக்கு இது எட்டினால்? அந்தக் கொப்பிக்காரர் ஏறாவூர்க்காரராக இருந்தால்? நான் சொல்லுமுன் வேறு யாராவது சொன்னால்? ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தக் கதிரையில் இருந்தேன். சொல்வதா வேண்டாமா என்று மனம் இரண்டு பக்கமும் இழுத்தது.

மாலை 3. வேலியோரம் நிறுத்தியிருந்த ஓர் ஆட்டோவின் சாரதி என்னிடம் வந்தார். ஏறாவூர்க்காரர். நகரத்துக்கு ஆளிறக்கப் போய், திரும்பும் வழியில் அகப்பட்டுக்கொண்டவர். தனியே தமிழ் ஊர்களைக் கடந்து போக அவருக்குப் பயம்.

"நீங்க ஏறினா எனக்கும் நல்லம் தங்கச்சி. மயிலம்பாவெளி மட்டும் நீங்க எனக்குத் துணை. அங்கால நான் உங்களுக்குத் துணை."

கொழும்புப் பழக்கத்தில் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றேன். இங்கே காக்கா என்பார்கள் என்று திருத்தினார். மிச்சம் ஆறு கிலோமீற்றர். மயிலம்பாவெளி வரை நான் தலையை வெளியே நீட்டி எல்லோருக்கும் முகம் காட்டிக்கொண்டு வந்தேன். பிறகு சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தேன். வழியில் ஒருவரும் எங்களை மறிக்கவில்லை. தெருவில் ஒரு நாய் கூட இல்லை. கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

மாலை 3.30. உள்ளறையில் உம்மா, றஹீமா, நஸ்ரின் மூவரையும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். உம்மா எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டார். இரண்டு பேர், மூன்றாமவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன் என்றேன். பிறகு, இதைச் சொன்னது ஏன் என்று கேட்டார்:

"ஏன் மகள் செல்லின? செல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிரிக்காதே."

"எனக்குத் தெரியுமே உம்மா."

நஸ்ரின் மெதுவாக, எந்தப் படம் திரையில் இருந்தது என்று கேட்டாள். தொதல் படம் என்றேன். "அதுல நான் வடிவா இரிந்தனா?" என்றாள். றஹீமா அவள் தொடையில் கிள்ளினாள். உம்மா இரண்டு பேரையும் முறைத்துப் பார்த்தார்.

சீடியை உடைத்துவிடட்டுமா என்று கேட்டேன். உம்மா கையை நீட்டி அதை வாங்கினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ள என்ட புள்ளட கலியாணம் முழுக்க இரிக்கி. ஏன் ஒடைக்க?" என்றார். அந்த வீட்டில் கம்ப்யூட்டரும் இல்லை, சீடி போட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. அதை ஒரு துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அழிக்க வேண்டும் என்பதற்காகவே இத்தனை பாடும் பட்டிருந்த எனக்கு, அது ஒன்றும் விளங்கவில்லை.

மாலை 4.30. கார்ட் மிச்சமிருந்தது. யோகன் சொன்ன முறைதான், அது நிறையும் வரை வேறு படங்களை எடுப்பது. ஆட்களை மட்டும் எடுக்க வேண்டாம் என்றார் உம்மா. வீட்டுப் பெண்கள் கமராவைக் கை மாற்றிக் கை மாற்றி எடுத்தார்கள். கோழி, முருங்கை மரம், கழுவிக் கவிழ்த்திருந்த பெரிய விருந்துச் சஹன் தட்டுகள், கதவுக் கொளுக்கி, ஒருவரின் செருப்பு. நஸ்ரின் நாற்பது படங்களாவது எடுத்திருப்பாள். கை ஆடாமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். உடனே பிடித்துக்கொண்டாள். பிறகு நானும் றஹீமாவும் ஐந்து நிமிட நடையிலிருந்த வாவிக்கரைக்குப் போய் வெறும் தண்ணீரை எடுத்தோம். தண்ணீர், தண்ணீர், மறுபடியும் தண்ணீர். இன்னும் ஒரே படத்துக்குத்தான் இடம் என்று எண் காட்டியதும் வீட்டுக்குத் திரும்பினோம்.

அந்த ஒன்றை எடுக்க உம்மா கமராவை வாங்கினார். எதை எடுக்கப் போகிறார் என்று பார்த்தேன். என் முகத்துக்கு நேரே பிடித்தார். ஆட்களை எடுக்க வேண்டாம் என்றீர்களே என்றேன்.

"எங்கட படம் எத்தினய நீ வெச்சிருந்த. உன்ட ஒண்ட நாங்க எடுக்கட்டே."

நான் என்னை அறியாமலே சால்வையைச் சரிசெய்து, முடியை ஒதுக்கினேன். இந்தப் படத்தை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி எனக்குள் வந்தது. அவர் பொத்தானை அழுத்திவிட்டார்.

செவ்வாய், காலை 6.45. கொழும்பு பஸ் வந்தது. என்ன நடந்தது, எங்கே நடந்தது என்று அன்றும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெருவில் மட்டும் கடைகள் திறந்திருந்தன. உம்மா வாசல் வரை வந்து வழியனுப்பினார். என் மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. வட்டிலப்பம் கட்டித் தந்தார். கோபம் இருந்தாலும் தந்திருப்பார்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் கடையில் எத்தனையோ பேருடைய கலியாணமும் பிள்ளைப் பேறும் மரண வீடும் தினமும் என் கை வழியாகப் போகின்றன. மேசையில் படங்களைப் பரப்பி வைத்துத் தேநீர் குடிப்போம். யார் வடிவு என்று பேசிக்கொள்வோம். என் படத்தை யார் யார் பார்த்தீர்கள் என்று இதுவரை ஒருவரும் எங்களிடம் கேட்டதில்லை. யாராவது கேட்டால் என்ன சொல்வேன் என்று பொலன்னறுவை வரை யோசித்துக்கொண்டு போனேன். இரண்டு பேர், மூன்றாமவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன் என்று அவர்களுக்குச் சொல்ல முடியாது. அங்கே பார்த்தவர்களை நாங்கள் எண்ணியதே இல்லை.