மண்ணில் புதைத்த டம்ளர்கள்

யுரேனியம் தேடுகிற வேலையில் சார்மார் தேடுவது யுரேனியம். கூலியாள் தேடுவது இன்னும் நாலு மாத வேலை. வெயிலில் கூலிக்குப் போய்த் தலை சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எமர்ஜென்சி வந்த வருஷம் ஆரம்பாக்கத்துக்கு மேற்கே செம்மண் மேட்டில் யுரேனியம் தேட வந்த சர்க்கார் ஆட்கள் கூடாரம் போட்டார்கள். வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். கம்பெனிகளில் கைக்குழந்தையோடு சேர்க்க மாட்டார்கள். இங்கே வேப்பமரத்தில் தூளி கட்ட விட்டார்கள்.

கத்துகிற பெட்டி

இருபது அடிக்கு ஒரு குச்சி அடிப்பேன். அந்த இடத்தில் எங்களை வேலை வாங்கின சார் பெட்டியை வைப்பார். மண்ணில் கதிர்வீச்சு இருந்தால் பெட்டி கடகடவென்று கத்தும். ஒருநாள் ரயில்பாதை ஓரம் ஒரே அலறல். குச்சியைப் போட்டுவிட்டு ஓடினேன். கிடைத்துவிட்டால் துளை போடுகிற மெஷின் வரும், வேலை நீளும். சார் குனிந்து பார்த்து, "கருங்கல் ஜல்லி. அதுவும் கொஞ்சம் கத்தும்" என்றார். கூட வேலை செய்த மேரியக்கா விடவில்லை: "அப்ப ரயில நிறுத்திக்கினு அடியில ஓட்ட போடு சார்!"

நிமிர்த்தியா, கவிழ்த்தா?

பெட்டி ஓரளவு கத்தின வரிசைகளில் அடுத்த சோதனை; ஆளுக்கொரு வரிசை. குழி தோண்டி பிளாஸ்டிக் டம்ளர் புதைக்கணும். உள்ளே துண்டு பிலிம் ஒட்டியிருக்கும். பூமியிலிருந்து வரும் வாயு அதில் புள்ளி போடும்; புள்ளி அதிகமான இடத்தில் மெஷின் இறங்கும். சார் பாதி இங்கிலீஷில் சொன்னார். நிமிர்த்தி வைப்பதா, கவிழ்த்தா? கேட்க வெட்கம். கவிழ்த்தால் பிலிமில் மண் படுமே என்று நிமிர்த்தி வைத்து, பூவரச இலையால் மூடிப் புதைத்தேன். முடிந்தபிறகு சார் வந்து பார்த்தார். மேலே மண்தான் தெரிந்தது. "பெட்டி ஜாஸ்தி கத்தினது உன் வரிசையிலதாம்மா. அதைத்தான் நம்பியிருக்கேன்."

தோண்டின நாள்

மூன்று வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மேரியக்கா கவிழ்த்து வைத்தவை காய்ந்திருந்தன. பிலிமைக் கழுவிப் பார்த்ததில் புள்ளிதான் இல்லையாம். என்னுடையதில் டம்ளர் டம்ளராகச் சேறு. மறுபடி புதைக்க மேடு காயணும், அதுவரை ரிப்போர்ட் காத்திருக்காது. சார் திட்டவில்லை. வரைபடத்தில் என் வரிசையை மட்டும் வெறுமையாக விட்டார். மெஷின் ஆந்திரா பக்கம் போனது. தூளியை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். மேரியக்கா வந்து நின்றாள். "என்னாண்டயாவது கேக்கக் கூடாதாடி? நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?"

மண்ணுக்குள் இருப்பதைச் சொல்ல அத்தனை கருவி வைத்திருந்தார்கள், பக்கத்தில் நின்ற எனக்குள் இருந்த சந்தேகத்துக்குத்தான் ஒன்றும் கத்தவில்லை.