ஓகேயா என்று கேட்ட றேடியோ

என் தங்கை யோகமலரின் புருஷன் அருள்நாயகம், 'ஏலாது' என்ற சொல்லை ஊரிலேயே விட்டுவிட்டுக் கனடாவுக்கு வந்தவர். பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை. ஓவர்டைம் செய்யச் சொன்னால் "ஓகே". ஞாயிறும் வரச் சொன்னால் "ஓகே". வீட்டில் தங்கச்சி எது சொன்னாலும் அதே பதில்தான். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பத்திக்கொண்டு வரும். ஆம்பிளை ஒருக்காலாவது மறுத்துப் பேச வேண்டாமா?

ஒரேயொரு முறை பேசினார். தொண்ணூற்று நாலாம் ஆண்டு, ஒரு றேடியோவுக்காக.

நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்த பார்க்டேலில் ஒரு உக்ரேன் கிழவி வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தா. அதற்குள் ஒரு மரப்பெட்டி றேடியோ. முன்பக்கத்தில் வெள்ளி நிறத்தில் ஐந்து எழுத்து. அருள் ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார்: "ஓ, கே, ஈ, ஏ, எச். மச்சான், உது 'ஓகேயா' எண்டெல்லோ கேக்குது!"

அவரிடம் அப்படிக் கேட்டால் வேறென்ன சொல்வார்? "ஓகே" என்றார். அந்தப் பாரத்தை வீடுவரை தூக்கிக்கொண்டு வந்தவன் நான்.

எங்கள் கட்டிடத்தைப் பராமரிக்கும் ரஷ்யன்தான் பிறகு விளக்கினான். அது சோவியத் செட். எச் மாதிரி நிற்பது அவர்களுக்கு என். பெயர் ஒக்கியான், சமுத்திரம் என்று அர்த்தமாம். ஆனால் எங்கள் வீட்டில் அதன் பெயர் 'ஓகேயா' என்றே நிலைத்துவிட்டது.

நல்ல சாமான்தான், பொய் சொல்லக் கூடாது. ரஷ்யாக்காரன் அரிசிக் கிட்டங்கிக் கதவு செய்வதுபோல் றேடியோ செய்திருக்கிறான். அலைவரிசை மாற்றும் குமிழைத் திருப்பினால் 'கடக்' என்று பூட்டுத் திறக்கிற சத்தம். அருள் குழந்தைப்பிள்ளையைத் துடைப்பதுபோல் அதைத் துடைத்தார். லண்டன் தமிழ்ச் செய்தியில் ஊர்ப் புதினம் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. குசினி ஜன்னலில் வைத்து இரண்டு கிழமை திருகினார். கர்ர் என்ற இரைச்சலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

யோகமலரின் மிளகாய்த்தூள் போத்தல்களுக்கு இடமில்லாமல் போனது.

"இஞ்சேருங்கோ, வெள்ளிக்கிழமைக்கிடையிலை உது வாய் திறக்கோணும். இல்லாட்டிக் குப்பைக்கை போடுவன்."

"ஏலாது" என்றார் அருள்.

யோகமலரின் அகப்பை அந்தரத்தில் நின்றது. எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

"இவ்வளவு நாளும் எல்லாத்துக்கும் ஓம் போட்டனான். உதை மட்டும் விடமாட்டன். அதை எறிஞ்சால் என்னையும் சேத்து எறி!"

"ஓ, ரெண்டையும் ஒரே பையிலை கட்டிறன்!"

சத்தியமாக எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அருள் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுக் காலையிலிருந்தே திருகினார். நானும் பக்கத்தில் நின்றேன். மத்தியானம் ஹோல் டிவியில் யோகமலரின் இங்கிலிஷ் நாடகம் தொடங்கியது. இங்கிலிஷ் படிக்கத்தான் பார்க்கிறாளாம். பிள்ளைக்குத் தகப்பன் யாரென்று கதாநாயகி சொல்லப்போகிற கட்டம். அந்த நேரம் பார்த்து கத்தரிக்காய்க் கறி அடிப்பிடித்து மணத்தது. அவள் குசினிக்குள் ஓடிவந்தாள். அடுப்பை அணைத்த கையோடு குப்பைப் பையை விரித்தாள்.

அருள் பதறிப்போய், அதுவரை தொடாத எஃப்.எம்.முக்குக் குமிழைத் திருப்பி முள்ளை நகர்த்தினார். ஒரு பொம்பிளை விக்கி விக்கி அழுதாள். ஹோல் டிவியில் அழுகிற அதே பொம்பிளை!

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோவியத் எஃப்.எம். இருக்கும் அலைவரிசையில் இங்கே டிவியின் நாலாம் சனல் இருக்கிறது, பஃபலோவிலிருந்து வருகிற அதன் குரலைத்தான் செட் பிடித்தது என்று பிறகு அந்த ரஷ்யன் சொன்னான்.

"கதைக்குது! வெண்டிட்டன் மச்சான்!" என்று அருள் துள்ளினார்.

"உஷ்! தேப்பன் ஆரெண்டு சொல்லப்போறாள்" என்றாள் யோகமலர். குப்பைப் பையை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தாள். நாடகம் முடியும்வரை அங்கேயே நின்று கேட்டபடி கறியைக் கிண்டினாள்.

அடுத்த நாள் லண்டனைத் தேடலாம் என்று அருள் குமிழில் கை வைத்தார். அகப்பையால் கையில் ஒன்று விழுந்தது.

"தொடாதேங்கோ! திருப்பினால் பேந்து பிடிக்கேலாது."

"என்ரை றேடியோவப்பா..."

யோகமலர் அந்த ஐந்து வெள்ளி எழுத்துகளையும் அகப்பைக் காம்பால் தட்டிக் காட்டினாள்.

அருள் ஒருதரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓகே" என்றார்.