ரப்பர் பூட்ஸோடு டெல்லிக்கு

இரண்டு வருடங்களுக்கு முன், மழை ஓய்ந்திருந்த ஒரு காலையில், சின்னக்கானலில் இருந்து நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு நாங்கள் மூன்று பேர் ஜீப்பில் புறப்பட்டோம். நான், எங்கள் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, அவரை வைத்துப் படம் எடுத்த ஒரு பெண். அந்தப் பெண்ணைத் தவிர யாரும் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

நான் அதே எஸ்டேட்டில் கொழுந்து எடை போட்டு எழுதும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணிப் பார்க்காவிட்டால் எனக்கு நிம்மதி கிடையாது. ஜீப் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பைகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.

படம் எடுத்த பெண் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோபாலபுரம் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஆயுள் முழுக்கத் தேயிலைக் காட்டில் உழைத்தவர்கள் ஓய்வு பெற்றதும் லயத்தில், எஸ்டேட் தந்த வரிசை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது அல்லவா, அதைப் பற்றிய படம். அந்த அம்மா மறு வருடம் ஓய்வு பெற வேண்டியவர். வேறு வீடோ நிலமோ இல்லாதவர். டெல்லியில் ஒரு திரைப்பட விழாவில் படத்தைக் காட்டிய பிறகு அவரே மேடையேறிப் பேசுவதாக ஏற்பாடு. அவர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல என்னையும் கூட்டிப் போனார்கள்.

லயத்தில் எங்களைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. "பாட்டு இல்ல, சண்டை இல்ல, தியேட்டர்லயும் ஓடாது. அது என்ன படம்?" என்றார்கள். டிக்கெட் மலிவு என்று தெரிந்ததும் அம்மாவிடம் விமானத்தைப் பற்றியும் கிண்டல். "அந்த வெலைக்கு சீட்டு இருக்காதாம் மதினி, கம்பியப் பிடிச்சிக்கிட்டு நிக்கணுமாம்." நானும் சிரித்துக்கொண்டேதான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. தனியாகப் போய் அந்தப் பெண்ணிடம் விசாரித்தேன். "சீட்டெல்லாம் இருக்குதுங்கய்யா. கையில கொண்டு போற பை மட்டும் ஏழு கிலோவுக்கு மேல போகக் கூடாதுங்க," என்றார்.

எடைதானே, அது என் தொழில். புறப்படுவதற்கு முந்தின நாள் கொழுந்து நிறுக்கும் தராசிலேயே பைகளைத் தொங்கவிட்டு நிறுத்தேன். அம்மாவின் சக்கரம் வைத்த பெட்டி சரியாக ஏழு. அதில் ஒரு பட்டுச்சேலை இருந்தது. அதோடு வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படுதா, கனத்த மழைக்கோட்டு, தலைத்துணி எல்லாம் இருந்தன. மேடையில் அந்த வேலை உடையைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லிக் கேட்டிருந்தார் படம் எடுத்த அந்த இயக்குநர். "கையில தூக்கிக் காட்டுறேன். அந்தக் கோலத்துல பெரிய மனுசங்க முன்னாடி நிக்க மாட்டேன்," என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்.

விமான நிலையக் கவுண்டரில் பெட்டியைத் தராசில் வைத்தார்கள். ஒன்பதுக்கு மேல் காட்டியது. "தராசு தப்பும்மா, நான் பெட்டிக்குக் கழிச்சு சரியா ஏழு போட்டேனே," என்று கவுண்டர் பெண்ணிடம் வாதாடும்போதே எனக்கு உறைத்தது.

"ஏனுங்கய்யா, பெட்டியோட சேர்த்துத்தானுங்க ஏழு!" என்று தலையில் கை வைத்தார் இயக்குநர்.

அந்த அம்மாவோ விழுந்து விழுந்து சிரித்தார். "சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவுன்னு எங்க கொழுந்துல காலமெல்லாம் கழிச்சீக. பழக்கம் விடல, ஏரோப்ளேனுக்கும் கழிச்சிப்புட்டீகளே ஐயா!"

பணம் கட்டுங்கள் அல்லது எதையாவது எடுத்துவிடுங்கள் என்றார் கவுண்டர் பெண். பூட்ஸையும் கோட்டையும் விட்டுவிட்டுப் போகலாம் என்று நான் சொன்னேன். வரிசையில் பின்னால் நின்றவர் தன் மனைவியிடம் மலையாளத்தில் அலுத்துக்கொண்டார். டிக்கெட் விலையைக் குறைத்தால் இப்படித்தான், விமானம் பஸ்ஸாகிவிட்டது என்றார்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. திரும்பி அவரைப் பார்த்தார்.

"பஸ்ஸுன்னா நல்லதுதானே சாரே. எல்லாரும் ஏறலாம்ல."

பிறகு பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தார். செருப்பைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு பூட்ஸை மாட்டினார். சேலைக்கு மேலே கோட்டு, இடுப்பில் படுதா, தலையில் துணி. காட்டுக்குப் போகிற அதே வேகத்தில், அதே முடிச்சுகளோடு கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். "இப்பப் போடும்மா எடை," என்றார். ஏழுக்குக் கீழேதான் காட்டியது. யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். "நல்லா எடுங்க, மொகம் தெரியட்டும்," என்றார் அம்மா.

சோதனை வாசலில் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார், மறுபடி கட்டினார். விமானத்துக்குள்ளும் கழற்றவில்லை. டெல்லி போய் இறங்கி மறுநாள் மேடை ஏறும்போதும் அதே கோலம்தான். பட்டுச்சேலை பெட்டியை விட்டு வெளியே வரவேயில்லை.

சிறிய அரங்கம். பாதி நாற்காலிகள் காலி. படம் முடிந்ததும் ஒருவர் எழுந்து, இந்த மாதிரிப் படங்களை யார் பார்க்கிறார்கள், இதனால் என்ன நடந்துவிடும் என்று கேட்டார். கேள்வியைத் தமிழில் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. சொன்னேன். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நீங்க பாத்துட்டீகல்ல? இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாதுல்ல."

அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. அரங்கத்தில் யாரும் கை தட்டவில்லை. கேட்டவர் மெல்ல உட்கார்ந்தார்.

படத்தால் சட்டம் எதுவும் மாறவில்லை. அம்மா ஓய்வு பெற்றார். வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். "போக இடம் காட்டுங்க, போறேன்," என்று சொல்லிவிட்டு அதே லயத்தில்தான் இன்றும் இருக்கிறார். ஓய்வு பெற்ற அன்று கேட்பதற்கு முன்பே குவார்ட்டர்ஸ் சாவிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு வாடகை அறைக்குப் போனவன் நான். கொடுக்க மாட்டேன் என்று ஒரு மனிதர் சொல்லலாம், சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்யலாம் என்பதை இந்த வயதில் அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.