அண்ணன் போடச் சொன்ன மனு

எங்கள் அண்ணன், உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் இடையிலுள்ள எங்கள் சிற்றூரில், உழவர் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டில் அப்பா மறைந்தார். அத்துடன் அண்ணனின் படிப்பும் நின்றது. எரிந்துபோன கழனி மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டக் கற்றுத் தனியாகத் தொழில் தொடங்கினார். பழுது பார்த்த ஒவ்வொரு மோட்டாரிலும் ஓர் அட்டையைக் கட்டி, மோட்டார் எரிந்த காரணத்தை எழுதுவார்.

"தண்ணி இல்லாம ஓட்டினதுன்னு எய்திக்கீறியே, எங்கப்பா பாத்தா திட்டுவாரு. வோல்டேஜுன்னு எய்து நைனா" என்று ஒருவர் கெஞ்சினார்.

"வோல்டேஜ் பாவம், அது இன்னா பண்ணிச்சு?" என்றார் அண்ணன். அட்டையை மாற்றவில்லை.

நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை வரிசை குறித்து எழுந்த கைகலப்பை விலக்கப் போன அண்ணனின் பெயரும் வழக்கில் சேர்ந்தது. பின்னாளில் அவ்வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆனால் அதற்கு முன் மூன்று மாதம் விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்தார். அண்ணனின் நினைவு மலருக்கான இக்கட்டுரையின் அச்சுப்படி திருத்தத்திற்கு வந்தபோது, "சிறையில்" என்பதை அடித்துவிட்டு "வெளியூரில்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். யாருடைய கையெழுத்து என்று எனக்குத் தெரியும். அதை அடித்துவிட்டு மறுபடியும் "சிறையில்" என்றே எழுதினேன்.

அங்கே, அறைக்குப் பொறுப்பாக வைக்கப்பட்டிருந்த தண்டனைக் கைதி ஒருவன் அண்ணன் மீது பாலியல் வன்முறை நிகழ்த்தினான். காவலர் ஒருவர் தெரிந்தே கதவைப் பூட்டிவிட்டு நகர்ந்தார். இதை இன்னும் மென்மையான சொற்களில் எழுத எனக்குத் தெரியும்; எழுத மாட்டேன்.

சிறையில் இருப்பவரைச் சந்திக்க எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கு மனு என்று பெயர். "மனு பார்த்துவிட்டு வந்தோம்" என்றால் சந்தித்துவிட்டு வந்தோம் என்று பொருள். ஒரு முறை அம்மா தனியாகச் சென்றிருந்தபோது, கம்பிக்கு அப்பால் இருந்து அண்ணன் சொன்னார்: "இன்னொரு மனு போடணும்மா. பெரிய மனுவா. பாப்பாவை எய்தச் சொல்லு." பாப்பா என்றால் நான். அவருக்குப் பின்னால் அதே காவலர் நின்றிருந்தார். வெளிப்படையாகச் சொல்ல வழியில்லை.

அம்மா வீட்டுக்கு வந்து, "புள்ள நம்பள எல்லாம் பாக்கணும்னு ஏங்கிக்கினு கீறான். இன்னொரு மனு போடச் சொல்றான்" என்றார். நானும் அப்படியே புரிந்துகொண்டேன். சொல்லுக்குப் பொருள் தேடுவதையே பாடமாகப் படிக்கிறவள், அடுத்த சந்திப்புச் சீட்டில் மூன்று பேர் பெயரை அழகாக எழுதினேன். முறுக்கும் கொய்யாவும் எடுத்துக்கொண்டு பெரியப்பாவோடு போனோம். இடையில் கழிந்தவை பதினொரு நாட்கள். அந்த நாட்களில் அது மறுபடியும் நடந்தது. என் மீதான என் கோபம் இன்றும் தணியவில்லை.

அன்று அண்ணன் என்னை மட்டும் பார்த்துக் கேட்டார்: "நீ படிக்கிற புள்ள. மனுன்னா இன்னா அர்த்தம்?"

"விண்ணப்பம்" என்றேன்.

"வேற?"

"முறையீடு."

"அதான். அத்தப் போடு."

அண்ணன் ஏதோ முறையிட விரும்புகிறார், தனியே கேளுங்கள் என்று சட்ட உதவி மையத்துக்கு அன்றே எழுதினேன். சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர் மறுநாள் சிறைக்குச் சென்று அண்ணனைத் தனியே சந்தித்தார். சிறை அலுவலகம் தன் அறிக்கையில் "கைதிகளுக்கிடையே தகராறு" என்று எழுதி, கையெழுத்துக் கேட்டது. "தகராறுன்னா ரெண்டு பேரும் அடிச்சிக்கினதா ஆவும். நான் யாரையும் அடிக்கல சார்" என்று அண்ணன் மறுத்துவிட்டார். காணொளித் திரையில் அல்லாமல் நீதிபதியின் முன் நேரில் நின்று, நடந்ததை நடந்த சொல்லாலேயே சொன்னார். அது பதிவாயிற்று.

பிணையில் வீடு திரும்பியபோது பெரியப்பா சொன்னார்: "இத்த வெளிய சொல்லிக்கினு திரியாத. நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"எனக்கு நடந்தது பெரிப்பா. நான் பண்ணல."

அதன்பிறகு, வேலை இல்லாத நாட்களில் சிறை வாயிலுக்குச் சென்று, சீட்டு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: "பாக்கற மனுவா, சொல்ற மனுவா?" சிலர் சிரித்தார்கள். இருவர் அழுதார்கள். அந்த இருவரின் பிள்ளைகளும் இப்போது முறையிட்டிருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை அண்ணனைக் கொண்டுபோயிற்று. அவமானம் தாங்காமல் இறந்தார் என்று நம் உறவிலேயே சிலர் சொல்லி வருகிறார்கள். மருத்துவ அறிக்கையில் கல்லீரல் என்று இருக்கிறது. காரணத்தை மாற்றி எழுத அண்ணன் ஒருநாளும் சம்மதித்ததில்லை. அவருடைய அட்டையிலும் மாற்ற விடமாட்டேன்.

சிறையில் நடந்தது குறித்த மருத்துவச் சான்றில் ஒரு சொல்லையும் மழுப்பாத அரசு மருத்துவருக்கும், வாரந்தோறும் அண்ணனோடு அமர்ந்து பேசி உறக்கத்தை மீட்டுத் தந்த மனநல ஆலோசகருக்கும், அழைத்தபோதெல்லாம் வந்த வழக்கறிஞருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. பார்த்ததைப் பார்த்தேன் என்று சாட்சி சொன்ன சக கைதிக்கும் நன்றி. அவர் இன்னும் உள்ளே இருப்பதால் பெயரை எழுதவில்லை.

அந்தக் கைதி மீதும் காவலர் மீதும் நடக்கும் வழக்கில் அண்ணனின் இடத்தில் இப்போது அம்மா நிற்கிறார். போனவன் போய்விட்டான், வழக்கை விட்டுவிடு என்று சொல்ல வீடு தேடி வந்தவர்களின் கையிலும் இந்த மலர் இருக்கும். அம்மா உங்களுக்குக் காபி கொடுத்தார். அது உபசாரம், சம்மதம் அல்ல.

சென்ற மாதம், அண்ணன் இருந்த அறையின் பதிவேட்டு நகலைக் கேட்டு எழுதிய தாளோடு அம்மாவும் நானும் சிறை வாயிலுக்குச் சென்றோம். வாயிற்காவலர் தாளைப் பார்க்காமலே கேட்டார்: "மனுவா? யாரைப் பாக்கணும்மா?"

"யாரையும் பாக்க வரல" என்றார் அம்மா. "சொல்ல வந்துக்கீறன்."