நெல்லுத் தராசில் மச்சான்

பாய்ப்படகு வரைகிறவன் முதலில் கேட்க வேண்டியது, அதில் ஏறப் போகிறவர்கள் எத்தனை கிலோ என்பதை. நான் அதைக் கடைசியாகத்தான் கேட்டேன். அதற்குள் படகின் மூக்கை வரைந்து முடித்து, அந்தக் கோட்டின் மீது ஆசையும் வைத்துவிட்டேன்.

பதினான்கு அடி நீளத்தில் ஒடுங்கிய இரண்டு உடல்கள், அவற்றை இணைக்க அலுமினியக் குழாய்கள், நடுவே இருப்பதற்கு இறுகக் கட்டிய வலை, ஒரு பாய்மரம். சித்திரை வருடப்பிறப்புக்கு வாவியில் நடக்கும் பாய்ப்படகு ஓட்டத்தில் இரண்டு பேர் ஏறி ஓட்டுவதற்கான படகு. ஒருவர் நான். மற்றவர் என் மனைவியின் தமையன். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. மச்சான் என்று நானும் அவரை அழைப்பேன், அவரும் என்னை அழைப்பார்.

படகைக் கட்டியது எங்கள் வீட்டு ஹோலில். எங்கள் வீடு என்று சொன்னாலும் அது என் மனைவியின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். மச்சான் பிறந்ததும் பள்ளிக்கூடம் போனதும் நான் இப்போது படுத்தெழும்பும் அறையிலிருந்துதான். அவர் கொக்கட்டிச்சோலைப் பக்கம் மனைவி வீட்டில் இருந்து வயல் செய்கிறார். வேலை ஓய்ந்த நாட்களில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வருவார். வந்தால் கதிரைகளை விறாந்தைக்கு ஏற்றுவதிலிருந்து எல்லாம் அவர்தான். முதல் சட்டங்களை நான் நிறுத்தியபோது, தரை சமமா என்று பார்க்கத் தண்ணிமட்டத்தை எடுத்த என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த மூலையை நம்பாதீங்க மச்சான். அப்பா சீமெந்து பூசின நாளில இருந்தே இது தாழ்வு."

அளந்து பார்த்தேன். தாழ்வுதான். சட்டங்களின் கீழே தகடு வைத்து உயர்த்தினோம்.

நான் படவரைஞன். கட்டடங்களுக்கும் மதகுகளுக்கும் படம் கீறுவது என் தொழில். ஒரு மில்லிமீற்றர் பிசகியதற்காகப் பலகையை எறிந்துவிட்டுப் புதிதாக அறுப்பவன். இரண்டு பேரும் சேர்ந்து நூற்று முப்பது கிலோவைத் தாண்டாவிட்டால்தான் என் மூக்கு தண்ணீரை வெட்டிக்கொண்டு ஓடும், தாண்டினால் அமிழும். என் நிறை ஐம்பத்தெட்டு. மச்சான் எழுபத்திரண்டுக்குள் இருக்க வேண்டும். அவருடைய தோளையும் வயிற்றையும் கண்ணால் பார்த்த எவனும் அப்படி நினைக்கமாட்டான்.

நகரில் மருந்து வாங்கும் எந்தப் பாமசியிலும் ஆள் நிறுக்கும் தராசு இருக்கிறது. நான் அவரை அங்கே கூட்டிப் போகவில்லை. பெரும்போக அறுவடை நாளில் அவருடைய வயல் வட்டைக்குப் போயிருந்தேன். நெல் வாங்கும் வியாபாரி லொறிக்குப் பக்கத்தில் தராசை வைத்து மூட்டைகளை நிறுத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தராசில் ஏறி நின்றார். எழுபத்திரண்டு.

"இந்தத் தராசு என்ர நெல்லையே குறைச்சுத்தான் காட்டும். சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு மூண்டு. நான் வேற காலையில குளிச்சனான்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். வியாபாரியும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, படத்தின் மூலையில் எழுபத்திரண்டு என்று எழுதினேன்.

சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று முன்கூட்டியே குறைத்து வைக்கப்படும் தராசுகளைப் பற்றி வயல்காரர் எல்லோருக்கும் தெரியும். என் மனைவிக்கும் அந்த வட்டையில் ஒரு துண்டுக் காணி உண்டு. அதே தராசைத் திட்டிக்கொண்டு நானே பல தடவை வீட்டுக்கு வந்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அதை நம்பினேன். நம்பினேன் என்பதும் சரியில்லை. எனக்கு வேண்டியிருந்த இலக்கத்தை அது தந்தது, நான் எடுத்துக்கொண்டேன்.

பலகை வளைத்தல், பைபர் துணி ஒட்டுதல், ரெசின் பூசுதல் என்று வேலை ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. மாரி முழுக்க ஹோலில் ரெசின் மணத்தது. மூக்கை சாண்ட் பேப்பரால் தேய்த்து வழவழப்பாக்கியது பெரும்பாலும் மச்சான்தான். தேய்த்த இடத்தைக் கன்னத்தால் தொட்டுப் பார்ப்பார். தன் ஊரில் எல்லோருக்கும் வருடப்பிறப்பு ஓட்டத்தைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார்.

படகை அவருடைய உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வாவிக்குக் கொண்டுபோனோம். முதலில் நான் தனியே ஓட்டினேன். பறந்தது. பிறகு மச்சானும் ஏறினார். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடியது. காற்று உரத்ததும் காற்றுப் படாத பக்கத்து உடலின் மூக்கு தண்ணீருக்குள் புகுந்தது, பின்பக்கம் மேலே எழும்பியது, இருவரும் முன்னுக்கு எறியப்பட்டோம். இடுப்பளவு தண்ணீரில் சேற்றில் நின்று மச்சான் சிரித்தார். அடுத்த முறையும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த முறை அவர் சிரிக்கவில்லை.

கரையில் நின்ற பறங்கிய நண்பர் ஒருவர், வருடக்கணக்காக வாவியில் பாய் ஓட்டுகிறவர், மூக்குக்கு இந்தப் பாரம் தாங்காது என்றார். மச்சான் என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கு எழுபத்திரண்டு நிண்டனான். உங்கட வீட்டுச் சோத்தில தடிச்சுப் போனன். விடுங்க, வருசப்பிறப்புக்கு முதல் குறைச்சுப்போடுவன்."

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் இரவுச் சோற்றை நிறுத்தினார். பிறகு காலையும் வெறும் தேநீர். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சாப்பிடாமல் வேலை செய்துவிட்டுப் போனார். ஒருநாள் மனைவி மீன்குழம்பு வைத்துச் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு நீட்டினாள். "வேணாம் தங்கச்சி, வயிறு நிறைஞ்சிருக்கு," என்று எழும்பினார். அவர் போன பிறகு அவள் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"இந்த வீட்டில பிறந்த ஆள் இந்த வீட்டில பட்டினியா எழும்பிப் போறார். உங்கட படகு அப்படி என்ன தின்னுது?"

அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும். நீரிழிவுக்குக் குளிசை போடுகிறவர் சாப்பிடாமல் இருக்கக்கூடாது என்பதும் தெரியும். வருடப்பிறப்புக்கு இன்னும் சில கிழமைகள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறைத்துவிட்டால் என் மூக்கு சரியாகிவிடும். இப்படி நினைத்ததை இன்றைக்கும் எனக்கு விழுங்க முடியவில்லை.

பிறகு ஒரு காலை அவருடைய மனைவி தொலைபேசியில் அழைத்தார். வயல் வரம்பில் தலைசுற்றிக் குந்தியிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். பக்கத்து வயல்காரர் கண்டு, சீனி கரைத்துப் பருக்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டித் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது மச்சான் பாயில் படுத்திருந்தார். முகம் ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி இருந்தார்.

"இப்ப எழுபத்திரண்டு வருவன், என்ன மச்சான்?"

மனைவியும் அவருடைய மனைவியும் அங்கேயே நின்றார்கள். அவர்கள் முன்னால்தான் சொன்னேன்.

"நீங்க ஒருநாளும் எழுபத்திரண்டு இல்ல. நான்தான் மூக்கை ஒடுக்கமாக் கீறினது. அந்தத் தராசு பிழையெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினனான்."

அவர் பாயின் ஓலையைக் கிள்ளினார்.

"நான் பகிடிக்குத்தான் சொன்னனான்," என்றார். "நீங்க எழுதினீங்க. நீங்க எழுதினா அது சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன்."

அவர் தன் மனைவியிடம் திரும்பிச் சோறு கேட்டார். சாப்பிட்டுக் கை கழுவி வந்த பிறகுதான் கேட்டார்.

"மறுகா, இனி என்ன செய்யப்போறீங்க?"

வேறு மூக்கு, வேறு உடல்கள், முதலிலிருந்து என்றேன். வருடப்பிறப்புக்கு முடியுமா என்றார். முடியாது என்றேன். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேனே என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்து, உங்கள் மகள் மெலிவுதானே, அவளை ஏற்றிக்கொண்டு ஓடுங்கள் என்றார். கோபமில்லாத குரல். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஓடவில்லை. வருடப்பிறப்பன்று மற்றவர்களின் பாய்களைக் கரையில் நின்று பார்த்தேன். மச்சான் வரவில்லை.

இப்போது ஹோலில் புதுச் சட்டங்கள் நிற்கின்றன. மூக்கு பருமனாக இருக்கிறது; அழகில்லை. மச்சானை நகரத்துப் பாமசித் தராசில் நிறுத்தினோம், எண்பது. அதற்கு மேலும் இடம் விட்டு வரைந்திருக்கிறேன். அவர் திரும்ப வரத் தொடங்கியிருக்கிறார். தங்கை போடும் சோற்றை இருந்து சாப்பிடுகிறார், பகிடியும் விடுகிறார்.

ஆனால் நான் பலகையில் கோடு கீறினால் அவர் அதை உடனே அறுப்பதில்லை. முதல் நாட்களில் நான் தேநீருக்குக் குசினிப் பக்கம் போகும்வரை காத்திருந்து, தன் சட்டைப் பையிலிருந்து சொந்த அளவு நாடாவை எடுத்து அளந்து பார்த்தார். கதவு இடுக்கால் கண்டேன். இப்போது எனக்கு முன்னாலேயே அளக்கிறார். இதுவரை ஒரு பிழையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்தும் ஒவ்வொரு கோட்டையும் அளக்கிறார். நான் குனிந்து நாடாவின் மற்ற முனையைப் பிடித்துக்கொள்கிறேன்.